பற்றை பிடித்த காணியை ஆடு மாட்டை வைத்துத் துப்பரவாக்குவது எப்படி?

களை வெட்ட ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கூலி கட்டுப்படியாவதில்லை, எண்ணெய் (களைகொல்லி) அடிக்கவும் மனமில்லை. இந்த மூன்றில் ஒன்றைச் சொல்லிக்கொண்டு வருகிறவர்கள்தான் கடைசியில் "நாலு ஆட்டை வாங்கி விட்டால் என்ன?" என்று கேட்கிறார்கள். விடலாம், நல்ல யோசனைதான். ஆனால் ஆட்டை உள்ளே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தால் அது ஆடு வளர்ப்பு மட்டும்தான். மேய்ச்சலால் களையை அடக்குவதென்றால் எந்தத் துண்டில், எந்தப் பிராணியை, எப்போது உள்ளே விடுவது, எப்போது வெளியே எடுப்பது என்ற நாலும் உங்கள் கையில் இருக்க வேண்டும். இதில் நாலாவதைத்தான் புதிதாகத் தொடங்குகிறவர்கள் அநேகமாகக் கோட்டை விடுகிறார்கள்.

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் தென்னங்காணி, மரமுந்திரிகைக் காணி, மேட்டுநிலம், இல்லையென்றால் பல வருடம் எட்டிப் பார்க்காமல் காடாகிப் போன வளவு வைத்திருக்கிறவர்களை நினைத்து இதை எழுதுகிறேன். வயற்காரர்களுக்குக் கடைசியில் தனியாகக் கொஞ்சம் இருக்கிறது. 2015 இல் கிளைபொசேட் என்ற களைகொல்லியை நாடு முழுக்கத் தடை செய்தார்கள், 2021 இல் இரசாயன உரத்தோடு சேர்த்து எண்ணெய் வகைகளின் இறக்குமதியும் நின்றது, 2022 இல் கிளைபொசேட் தடையையும் எடுத்துவிட்டார்கள். இப்படி மேலே இருந்து வரும் உத்தரவுக்கெல்லாம் ஆடிக்கொண்டிருக்க விரும்பாதவர்களுக்கு மேய்ச்சல் ஒரு வழி. முழு வழியும் இதுவே என்று சொல்ல மாட்டேன். கத்திக்கும் மண்வெட்டிக்கும் கொஞ்சம் வேலை மிஞ்சத்தான் செய்யும்.

முதலில் காணியைச் சுற்றி நடந்து பாருங்கள்

ஆடு வாங்குவதற்கு முன், மாடு பேசுவதற்கு முன், ஒரு கொப்பியும் போனும் எடுத்துக்கொண்டு காணி முழுக்க நடக்க வேண்டும். நிற்கிற ஒவ்வொரு செடியையும் மூன்றில் ஒன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: பிராணி விரும்பித் தின்பது, இளசில் மட்டும் தின்பது, தின்றால் ஆபத்து.

எங்கள் பக்கத்தில் முதலில் கண்ணில் படுவது கினிப்புல். ஒரு தூரைக் கையால் விரித்துப் பாருங்கள். அடியில் பழைய தடித்த தண்டுகள் இருக்கும், அதைச் சுற்றிக் காய்ந்த சோகை, அதற்குள்ளேதான் பச்சைக் குருத்து ஒளிந்திருக்கும். ஆளுயரம் வளர்ந்து பூ விட்ட தூரில் மாடு இலையை மட்டும் நாக்கால் உருவி எடுத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். தண்டு அப்படியே நிற்கும், விதை கொட்டும், கச்சான் என்ற வறண்ட காற்றடிக்கும் காலத்தில் யாராவது எறிகிற பீடித்துண்டுக்குக் காத்திருக்கும். அதனால் ஆளுயரக் கினிக்கு முதலில் கத்தியோ புல்வெட்டும் மெஷினோ போக வேண்டும். அரையடி உயரத்தில் வெட்டிவிட்டு, ஈரம் இருந்தால் மூன்று நாலு கிழமையில் முழங்கால் உயரத்துக்குத் தளிர் வரும், அப்போது பிராணியை இறக்குங்கள். அந்தத் தளிரை எதுவும் மிச்சம் வைக்காது.

இலுக்கு வேறு சாதி. முற்றிய இலுக்கின் விளிம்பு வாயை அறுக்கும், மாடு முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். வெட்டிய பிறகு வரும் ஊசித் தளிரை மாடும் எருமையும் தின்னும், ஆனால் நிலத்துக்குக் கீழே ஓடும் தண்டு உயிரோடு இருக்கும்வரை இலுக்கு சாகாது. வெட்டி மேய்த்து, மறுபடி வெட்டி மேய்த்து, அதைக் களைக்க வைக்கலாம். அதுக்குப் பிறகு நிழல் கொடுக்க வேண்டும். இலுக்குக்கு நிழல் ஆகாது. கிளிரிசிடியாவை நெருக்கமாக நட்டுவிட்டால் மிச்ச வேலையை அது பார்த்துக்கொள்ளும், வேலிக்குக் கதியாலும் ஆச்சு, ஆட்டுக்குக் குழையும் ஆச்சு.

கோரையை மேய்ச்சலால் ஒழிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மேலே தின்றால் கீழே கிழங்கு இருந்துகொண்டு மறுபடி தள்ளும்.

இனி ஆபத்தானவை. நாயுண்ணி, சில ஊரில் உண்ணிச்செடி என்பார்கள், வேலியோரமெல்லாம் நிற்கும். வயிறு நிறைந்த உள்ளூர் மாடு அதைத் தொடாது. பட்டினியாக வந்த மாடும், வெளியூரில் இருந்து அன்றுதான் இறக்கிய மாடும் தின்னும். தின்றால் ஈரல் கெட்டு, கண் மஞ்சளாகி, வெயில் பட்ட இடத்தில் மூக்கும் காதும் தோல் உரியும். மரவள்ளி இலையும் தோலும் பச்சையாக வயிறு நிறையத் தின்றால் ஆடு மூச்சு வாங்கிக்கொண்டு விழும், சில வேளை ஒரு மணித்தியாலம்கூடத் தாங்காது. அதுவும் பக்கத்து வளவின் மரவள்ளி என்றால் ஆட்டையும் இழந்து நட்டஈடும் கட்ட வேண்டி வரும். அலரி, ஆமணக்கங்கொட்டை, ஊமத்தை, மழையோடு தலை காட்டும் கார்த்திகைப்பூ, இவை எங்கே நிற்கின்றன என்று குறித்து, பிராணி இறங்க முன் வெட்டி அள்ளி வெளியே போட்டுவிடுங்கள். வெட்டி அங்கேயே போடக்கூடாது. வாடிய அலரி இலைக்கும் நஞ்சு போகாது, வாடியதைத் தின்னப் பிராணியும் தயங்காது.

பார்த்தீனியம் கண்டால் அந்தத் துண்டில் மேய்ச்சலை மறந்துவிடுங்கள். சட்டத்தால் தடைசெய்யப்பட்ட களை அது. தின்ற மாட்டின் பால் கசக்கும், பிராணிக்கும் ஆளுக்கும் தோல் கடிக்கும், விதை காலிலும் மயிரிலும் ஒட்டி ஊர் முழுக்கப் போகும். கையுறை போட்டுக்கொண்டு, பூக்க முன் வேரோடு பிடுங்க வேண்டியதுதான்.

கடற்கரையோரக் காணிக்காரர் ஒன்றைக் கவனியுங்கள். கல்லடி, திருக்கோவில், பொத்துவில் பக்கம் மணலில் படரும் அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் உங்கள் கண்ணுக்குக் களையாகத் தெரியலாம். மணலைப் பிடித்து வைத்திருப்பதே அவைதான். அந்த வரிசையில் எதையும் மேய விடாதீர்கள். களப்போரக் கண்டலும் அப்படித்தான்.

எந்த வாய்க்கு எந்தச் செடி

மாடு நாக்கைச் சுழற்றிப் புல்லைப் பிடித்து இழுக்கும், அதனால் உயரப் புல்லுக்கு அதுதான் சரி, மிகக் குட்டையாக மேய அதற்கு வராது. செம்மறி தலையைக் குனிந்து நிலத்தோடு ஒட்டக் கறிக்கும். தென்னைக்குக் கீழே அதைவிட நல்ல புல்வெட்டி கிடையாது, ஆனால் எங்கள் மாவட்டங்களில் செம்மறி கிடைப்பது குறைவு. ஆடு தலையை நிமிர்த்தித் தேடும். இலை, குழை, கொடி, முள்ளுப் பற்றை என்று முதலில் மேலே உள்ளதைத் தின்றுவிட்டுத்தான் புல்லுக்கு வரும், பின்னங்காலில் நின்று அஞ்சடி உயரம்வரை எட்டும். எருமைக்கு ஈரமும் சேறும் வேண்டும், வாய்க்காலோரம், குளத்தோரம் வளரும் முரட்டுப் புல்லை அது தின்னும், கூடவே வரம்பையும் உடைக்கும்.

ஆகவே பற்றை வளவென்றால் முதலில் ஆடு, பற்றை அடங்கிப் புல் தலையெடுத்த பிறகு மாடு. ஆடு வாங்கும்போது ஜம்னாபாரிக் கலப்பின் உயரத்தைப் பார்த்து மயங்குகிறவர்கள் உண்டு. எட்டிப் பிடிக்க அது நல்லதுதான், ஆனால் மாரி ஈரத்தையும் புழுவையும் தாங்க நாட்டாடுதான். களை தின்ன வைக்கும் வேலைக்கு நான் நாட்டாட்டைத்தான் சொல்வேன்.

மரக்கன்று இருக்கும் இடத்தில் ஆடு வேண்டாம். பட்டையை உரித்துத் தின்றால் மாங்கன்றோ மரமுந்திரிகைக் கன்றோ ஒரு இரவில் போய்விடும். தென்னம்பிள்ளையின் ஓலை பிராணியின் வாய்க்கு எட்டாத உயரம் போகும்வரை, அதாவது அஞ்சாறு வருடம், ஆடு மாடு இரண்டையும் வெளியே வைத்துப் புல்லை வெட்டி எடுத்துப் போய்த்தான் கொடுக்க வேண்டும். வளர்ந்த தென்னை என்றால் பிரச்சினை இல்லை. 26 அடிக்கு 26 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 64 மரம் நிற்கும் காணியில் மரத்துக்கு மரம் நடுவில் வெயில் விழும் இடம் நிறைய, புல்லும் நிறைய.

எத்தனை உருப்படி, எத்தனை நாள்

இதைக் கண்மதிப்பில் செய்யாமல் ஒரு தடவை நிறுத்துப் பாருங்கள். நாலு தடியை வைத்து ஒரு மீற்றருக்கு ஒரு மீற்றர் சதுரம் அடியுங்கள். அதற்குள் நிற்கும் தின்னக்கூடிய பச்சையை மட்டும் நாலு விரல் உயரம் விட்டு அறுத்து, உரப்பையில் போட்டு, தராசில் தூக்குங்கள். நல்ல இடம், நடுத்தர இடம், மோசமான இடம் என்று மூன்று இடத்தில் செய்து சராசரி எடுங்கள். சதுரத்துக்கு ஒரு கிலோ வந்தது என்று வைப்போம். கால் ஏக்கர் கிட்டத்தட்ட 1,000 சதுர மீற்றர், ஆக 1,000 கிலோ பச்சை. பாதியை மிதித்தும் சாணம் போட்டும் படுத்தும் வீணாக்கும், 500 கிலோதான் வயிற்றுக்குப் போகும். 25 கிலோ நிறையுள்ள ஆடு ஒரு நாளைக்கு 4 முதல் 5 கிலோ பச்சை தின்னும். பத்து ஆட்டுக்கு 50 கிலோ. அப்போ கால் ஏக்கர் பத்து நாளைக்கு. 200 கிலோ நாட்டு மாடென்றால் தலைக்கு 20 முதல் 25 கிலோ என்று போடுங்கள்.

இந்தக் கணக்கில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இரண்டு ஆட்டை அந்தக் கால் ஏக்கரில் ஐம்பது நாள் விட்டாலும் கணக்குச் சரியாகத்தான் வரும், ஆனால் களை அடங்காது. குறைந்த ஆட்டுக்குப் பெரிய இடம் கிடைத்தால் ருசியானதைத் தேடித் தேடித் தின்னும், பிடிக்காத களை தனிக்காட்டு ராசாவாக வளரும். தெரிவு செய்ய விடாமல் நெருக்கமாக அடைத்து, குறுகிய நாளில் முடித்து, அடுத்த துண்டுக்கு மாற்ற வேண்டும். அதனால்தான் வேலியைப் பற்றி இனி நீளமாகப் பேசப்போகிறேன்.

வேலி

சுற்றுவேலி எல்லோரும் போடுவார்கள். உள்ளே துண்டு துண்டாகப் பிரிக்கும் வேலிதான் வேலை செய்யும் வேலி.

ஆட்டுக்கு முள்ளுக்கம்பி வேலி கணக்கே இல்லை, நாலு வரி இழுத்தாலும் தலையை நுழைத்து உடம்பைக் கொண்டு வந்துவிடும். மலிவான வழி தட்டி. கம்பும் மூங்கிலும் வைத்து ஆறடி நீளம், நாலடி உயரத்தில் தட்டிகள் கட்டி, இரண்டு பேர் தூக்கி மாற்றக்கூடிய மாதிரி வைத்துக்கொண்டால், கதியாலில் கயிற்றால் கட்டி ஒரு காலையில் புதுத் துண்டு அடைக்கலாம். கரையோர ஊர்களில் பழைய மீன்வலையைச் சுற்றிக் கட்டுகிறார்கள், சும்மா கிடைக்கிறது என்பதற்காக. கொம்புள்ள ஆடு அதில் மாட்டினால் திருகித் திருகிக் கழுத்தை இறுக்கிக்கொள்ளும். வலைதான் என்றால் பக்கத்தில் ஆள் இருக்கும் பகல் நேரத்துக்கு மட்டும் வையுங்கள்.

கட்டி மேய்ப்பது வேலி இல்லாதவர்களின் வழி, இரண்டு மூன்று உருப்படிக்கு மோசமில்லை. 15 அடிக் கயிறென்றால் கிட்டத்தட்ட 65 சதுர மீற்றர் வட்டம் கிடைக்கும். மரம், கட்டை, வேலி எதுவும் அந்த வட்டத்துக்குள் இருக்கக்கூடாது, சுற்றிக்கொள்ளும். கயிறு முறுகாமல் சுழல் வளையம் போடுங்கள். காலை ஒரு இடம், பின்னேரம் ஒரு இடம், உச்சி வெயிலில் நிழல். கட்டிய ஆட்டுக்கு நாய் வந்தால் ஓட வழி இல்லை என்பதை மறக்க வேண்டாம். எங்கள் பக்கத்தில் ஆட்டுக்கு நரியைவிடக் கட்டாக்காலி நாய்தான் பெரிய எதிரி.

மின்வேலி நன்றாக வேலை செய்யும், மாற்றவும் சுகம். சோலர் தட்டு, 12 வோல்ற் பற்றரி, அதிர்வு கொடுக்கும் பெட்டி, இவ்வளவுதான். யானை வேலி பார்த்தவர்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் பெட்டி ஒரு விநாடிக்கு ஒரு தடவை, கண் இமைப்பதைவிடக் குறைந்த நேரத்துக்கு, சில ஆயிரம் வோல்ற் தட்டும், வலிக்கும், கொல்லாது. மாட்டுக்கு இரண்டு கம்பி போதும், ஆட்டுக்கு நாலைந்து வேண்டும், கீழ்க்கம்பி நிலத்தில் இருந்து அரையடிக்கு மேல் போகக்கூடாது. புதுப் பிராணியை முதலில் ஒரு சின்ன அடைப்பில் விட்டு, கம்பி எப்படி இருக்கும் என்று மூக்கால் தொட்டுப் பார்க்க விடுங்கள். புல் வளர்ந்து கம்பியில் முட்டினால் மின் கசியும், மாரியில் வாரம் ஒரு தடவை கம்பிக்குக் கீழே வெட்ட வேண்டும். வீட்டு மின்சாரத்தை, அந்த 230 வோல்ற்றை, நேராகக் கம்பியில் கொடுப்பது மட்டும் கனவிலும் வேண்டாம். அது குற்றம். அப்படிக் கொடுத்து எத்தனை ஆளும் யானையும் செத்தது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும், இருந்தும் செய்கிறார்கள்.

எந்தக் காலத்தில்

எங்கள் மழை ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. களையும் அந்தக் கணக்கில்தான் எழும்பும். மழை கொட்டும் நாட்களில் களிமண் காணியில் பிராணியை விடாதீர்கள். செருப்பு புதைகிற நிலத்தில் குளம்பும் புதையும், மண் இறுகிப்போய் அடுத்த வருடம் களைதான் முதலில் முளைக்கும். கரையோர மணற்காணிக்கு இந்தக் கவலை குறைவு.

நல்ல காலம் தை கடைசியில் தொடங்கும். மழை ஓய்ந்து, நிலம் காலைத் தாங்கி, செடி பச்சையாக, இன்னும் பூக்காமல் இருக்கும் நேரம் அது. பூக்க முன் என்பதை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். பூக்கும்வரை செடி வேரில் இருந்து எடுத்துத்தான் மேலே செலவழிக்கும், அந்த நேரத்தில் தின்னக் கொடுத்தால் வேர் கையைப் பிசையும். விதை முற்றிய பிறகு விட்டால் ஆடு விதைப்பு வேலைதான் பார்க்கும்.

மரமுந்திரிகைக் காணிக்கு ஒரு தனி லாபம் உண்டு. கொட்டை விழத் தொடங்க முன் மரத்துக்குக் கீழே மேய்த்து முடித்துவிட்டால், விழும் கொட்டை வெறும் நிலத்தில் கிடக்கும், பொறுக்கச் சுகம். விழத் தொடங்கியதும் பிராணியை எடுத்துவிடுங்கள், பழத்தோடு கொட்டையையும் மெல்லப் பார்க்கும்.

வைகாசியில் இன்னொரு வேலை. காணி எல்லையைச் சுற்றி 15, 20 அடி அகலத்துக்கு ஒரு பட்டியை நெருக்கமாக மேய்த்து நிலத்தோடு ஒட்ட வைத்துவிடுங்கள். ஆனி, ஆடியில் பக்கத்துக் காணிப் புல் எரிந்தால் உங்கள் தென்னைக்குத் தீ வர அந்தப் பட்டியைத் தாண்ட வேண்டும்.

உள்ளே விடும் நாளும் அதற்குப் பிறகும்

பட்டினியாக விடாதீர்கள், இதைத் திருப்பித் திருப்பிச் சொல்வேன். வைக்கோலோ குழையோ கொடுத்து அரை வயிறு நிரப்பி, பனி காய்ந்த பிறகு விடுங்கள். முதல் மூன்று நாள் ஒன்றிரண்டு மணித்தியாலம், பிறகு கூட்டலாம். திடீரென்று இளம் பச்சையும் கொடியும் வயிறு நிறையத் தின்றால் வயிறு ஊதும்; இடது பக்கம் மேளம் மாதிரி எழும்பி, தட்டினால் சத்தம் கேட்டால் மிருக வைத்தியரைக் கூப்பிட வேண்டிய நேரம்.

தண்ணீர் அடைப்புக்குள்ளேயே இருக்க வேண்டும். ஆட்டுக்கு நாளைக்கு 4, 5 லீற்றர், மாட்டுக்கு 30, 40 லீற்றர், கச்சான் காலத்தில் அதற்கும் மேலே. தண்ணீர் வாளியை எப்போதும் களை அதிகம் உள்ள மூலையில் வையுங்கள், நடமாட்டமும் மிதியும் அங்கே கூடும். உப்புக்கட்டியையும் அப்படித்தான்.

புழுவைப் பற்றி ஒரு சின்னப் பழக்கம். கிழமைக்கு ஒரு தடவை ஒவ்வொரு ஆட்டையும் பிடித்து, பெருவிரலால் கீழ் இமையை மெல்ல இழுத்து உள்நிறத்தைப் பாருங்கள். சிவப்பு அல்லது நல்ல ரோசா என்றால் பயமில்லை. வெளிறி, வெள்ளைத் துணி மாதிரி இருந்தால் வயிற்றில் இரத்தம் குடிக்கும் புழு ஏறிவிட்டது, அந்த ஆட்டுக்கு மருந்து வேண்டும். தாடைக்குக் கீழே நீர் தொங்கினாலும் அதே கதைதான். எல்லா ஆட்டுக்கும் மாதாமாதம் பூச்சி மருந்து ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், அது புழுவுக்கு மருந்தைப் பழக்கிக் கொடுக்கும் வேலை. புழுக்குஞ்சு பெரும்பாலும் புல்லின் அடி இரண்டு அங்குலத்தில்தான் இருக்கும், பனி ஈரத்தில் மேலே ஏறும். அதிகாலையில் விடாமல் இருப்பதும், நாலு விரலுக்குக் கீழே மேய விடாமல் இருப்பதும் பாதி மருந்து.

சரி, எப்போது வெளியே எடுப்பது? நீங்கள் வைத்திருக்க விரும்பும் புல் நாலு விரல் உயரத்துக்கு இறங்கியதும். களை இன்னும் கொஞ்சம் நிற்கிறதே, இன்னும் இரண்டு நாள் விடலாமே என்று தோன்றும். அந்த இரண்டு நாளில் நல்ல புல் அடியோடு போய் மண் வெளியே தெரியும். வெறும் மண்ணில் முதலில் முளைப்பது எப்போதும் களைதான், பெரும்பாலும் நீங்கள் ஒழிக்க வந்த அதே களை. பிராணி மரப்பட்டையைக் கடிக்கத் தொடங்கினாலோ, வேலியோரம் நின்று கத்தினாலோ உள்ளே தீனி முடிந்தது என்று அர்த்தம், அன்றே மாற்றுங்கள்.

எடுத்த அன்றோ மறுநாளோ கத்தியோடு இறங்கி, இலை போய்க் குச்சியாக நிற்கும் பற்றைகளை அடியோடு வெட்டுங்கள். இலை இருக்கும்போது முள்ளில் கையைக் கிழித்துக்கொண்டு செய்யும் வேலை இப்போது பாதி நேரத்தில் முடியும், வேரடியும் கண்ணுக்குத் தெரியும். ஒரு தடவை மேய்த்தால் பற்றை சாகாது. அஞ்சாறு கிழமையில் புது இலை விரிந்ததும் மறுபடி ஆட்டை விட வேண்டும். அந்த இலைக்காக வேர் வைத்திருந்த சேமிப்பையெல்லாம் போட்டிருக்கும், திருப்பிச் சம்பாதிக்க முன் பறித்துவிட வேண்டும். அந்த அஞ்சாறு கிழமை ஓய்வு புழுவைக் குறைக்கவும் உதவும். வருடத்துக்கு மூன்று நாலு சுற்று, இரண்டு வருடம் விடாமல் செய்தால்தான் பற்றை வளவு புல் வளவாகும். ஒரே போகத்தில் முடிய வேண்டுமென்றால் மெஷினைக் கூப்பிடுங்கள்.

விதை விழுந்த துண்டில் மேய்ந்ததை நேராகத் துப்பரவான துண்டுக்குக் கொண்டு போகாதீர்கள். கடினத் தோல் உள்ள விதை வயிற்றைத் தாண்டி உயிரோடு வரும். நாலைந்து நாள், முடிந்தால் ஒரு கிழமை, ஒரு மூலையில் அடைத்து வைக்கோல் கொடுத்து வைத்திருந்துவிட்டு மாற்றுங்கள். அந்தச் சாணத்தையும் அப்படியே மரத்தடியில் கொட்டாமல், குவித்து மூடி, நன்றாகச் சூடேறி மக்கிய பிறகு போடுங்கள்.

சொந்தமாக ஆடு மாடு இல்லாவிட்டால்

பெரும்போகம் தொடங்கி வயலெல்லாம் விதைத்துவிட்டால் மாட்டுப்பட்டி வைத்திருக்கும் பட்டிக்காரர்களுக்கு மாட்டை நிறுத்த இடம் இல்லை. மேய்ச்சல் தரைப் பிரச்சினை எவ்வளவு பெரியது என்பதற்கு மட்டக்களப்பு மாவட்டத்து மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் போராட்டம் தொடங்கியதே சாட்சி. அவர்களுக்கு இடம் தேவை, உங்களுக்கு வாய் தேவை. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய மாதங்களில் குர்பானுக்கென்று உருப்படி வாங்கித் தேற்றுகிறவர்களும் பச்சை தேடுவார்கள், ஏறாவூர், காத்தான்குடி, அக்கரைப்பற்றுப் பக்கம் விசாரித்துப் பாருங்கள்.

பேசும்போது சில விசயங்களை வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசிவிடுங்கள். எந்தத் திகதி வருவது, எந்தத் திகதி போவது, எத்தனை உருப்படி, இரவில் யார் காவல், பக்கத்துக் காணிக்குள் போனால் யார் பொறுப்பு, சாணம் யாருக்கு. இரவில் உங்கள் காணியிலேயே பட்டி அடைத்தால் சாணம் உங்களுக்கு, அதற்குப் பதிலாகத் தண்ணீர் உங்கள் கணக்கு என்பது நியாயமான பேச்சு. குறியும் காதுப்பட்டியும் உள்ள உருப்படிகளை மட்டும் எடுங்கள், களவு மாடு உங்கள் வளவில் நின்றால் பொலிசுக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். லொறியில் ஏற்றி இறக்குவதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும், கிராம சேவகரிடமும் மிருக வைத்திய அலுவலகத்திலும் கேளுங்கள். கால், வாய் நோய் (கோமாரி) ஊரில் இருக்கும் காலத்தில் வெளிப்பட்டியை எடுக்கவே வேண்டாம். வயசான பட்டிக்காரர் யாராவது வந்து காணியைப் பார்த்துவிட்டு "இதுக்குள்ள பசுவ விடேலாது மனே, முதல்ல ஆட்ட விட்டுப் பாருங்க" என்று சொன்னால் வாதாடாமல் கேளுங்கள். தன் மாட்டைக் காப்பாற்றச் சொல்லும் புத்தி உங்கள் காணிக்கும் பொருந்தும்.

வயற்காரருக்கு

அறுவடைக்குப் பிறகு வட்டையில் (வயல்வெளியில்) மாடு இறங்குவது எங்கள் பக்கத்தில் புதிதல்ல, ஆனால் அதைக் களை வேலையாக யாரும் திட்டமிடுவதில்லை. மெஷின் வெட்டிய வயலில் வைக்கோலை முதலில் அள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் மாடு அதையே தின்று நிற்கும், வரம்பில் உள்ள புல்லுக்குப் போகாது. கோழிச்சூடன் போன்ற புற்களைகள் வரம்போரத்தில் இருந்துதான் அடுத்த போகத்துக்கு விதை கொடுக்கின்றன, அதனால் வரம்புப் புல்லுக்குத்தான் முதல் கவனம். வரம்பில் கட்டி மேய்க்க ஆடு நல்லது, எருமை கூடாது, தண்ணீர் விடும் வக்கடையை எல்லாம் மிதித்து வைத்துவிடும்.

பன்றிநெல் (நெல் மாதிரியே முளைக்கும் களைநெல்) தொல்லை உள்ள வயலில், பங்குனி மழையோ ஒரு பாய்ச்சல் தண்ணீரோ கிடைத்தால் சிந்திய விதையை முளைக்க விட்டு, ஒரு சாண் உயரத்தில் மாட்டை இறக்கி, பிறகு உழுங்கள். எல்லா விதையும் ஒரே நேரத்தில் முளைக்காது, ஆனாலும் ஒரு பங்கு குறையும். பன்றிநெல் வயலில் மேய்ந்த மாட்டை, முன்னே சொன்ன ஒரு கிழமைக் கணக்கைப் பார்க்காமல் நல்ல வயலுக்கு ஓட்டக்கூடாது. களைக்கு எண்ணெய் அடித்த வயலிலும் வரம்பிலும் போத்தல் லேபிளில் போட்டிருக்கும் நாள் கழியும்வரை எதையும் மேய விடாதீர்கள். பக்கத்து வயற்காரர் எப்போது அடிக்கிறார் என்பதையும் கேட்டு வையுங்கள், காற்று வரம்பு பார்த்து நிற்காது.

போக ஆரம்பக் கூட்டத்தில் விதைப்புத் திகதியோடு மாடு அகற்றும் திகதியும் தீர்மானிப்பார்கள். அந்தக் கூட்டத்துக்குப் போங்கள், போக முடியாவிட்டால் வயல் தண்ணீரைப் பார்க்கும் வட்டவிதானையிடம் கேட்டுத் திகதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு கிழமைக்கு முன்பே உங்கள் மாட்டை எடுத்துவிட்டால், கடைசி நாளில் எல்லாப் பட்டியும் ஒரே பாதையில் நெருக்கிக்கொண்டு போகும்போது யாருடைய மாடு யாருடைய நாற்றில் இறங்கியது என்ற சண்டையில் உங்கள் பெயர் வராது.